பட்டாசு ஊரில் ஒரு பிளக் பாயிண்ட்!

விருதுநகர் மாவட்டத்தில் இரண்டே இரண்டு சீஸன்தான். ஒன்று வெயில் காலம். இன்னொன்று, வெயில் கொஞ்சம் அதிகமான காலம். மழை என்று ஒன்று பஞ்சாங்கத்தில் போட்டிருக்கும். வாசிக்க நன்றாக இருக்கும்.

ஆனால், சிரிக்கக் கூடாது. இந்த வறட்சிதான் ஊருக்குச் சோறு போடுகிறது. 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பி வந்தார்கள். தீக்குச்சி காய வேண்டும், பட்டாசு மருந்து காய வேண்டும், அச்சடித்த தாள் காய வேண்டும். காயவைப்பதற்கென்றே ஆண்டவன் அளந்து வைத்த பூமி! இடையில் மனுஷனும் சேர்ந்து காய்கிறான். அதற்கு யாரும் பொறுப்பில்லை.

இப்படிப்பட்ட ஊரில் இரண்டு ராத்திரி வேனுக்குள்ளேயே படுத்துத் தூங்குவது என்று முடிவெடுத்தால், முதலில் வரும் கேள்வி சாப்பாடு அல்ல. ஃபேன்!

எங்கள் ஹெட்கிளார்க்கின் அப்பாவுக்கு இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு நேர்த்திக்கடன் பாக்கி. வயது 74. மூச்சிரைப்பு. லாட்ஜ் மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுவார். ராத்திரி எந்த நேரத்திலும் நெபுலைசர் வைக்க வேண்டி வரலாம். டாக்டர், ‘போகலாம், ஆனால் மெஷின் கூடவே இருக்கணும்’ என்று சொல்லிவிட்டார். மெஷினைக் கூட்டிப்போவது சுலபம். அதற்குக் கரண்ட்டையும் கூட்டிப்போக வேண்டுமே!

அப்படித்தான் மதுரையில் அந்த வேன் கிடைத்தது. பழைய டெம்போ வேன். சீட்டுகளைப் பாதிக் கழற்றிவிட்டு இரண்டு பெஞ்ச்சுப் படுக்கை, கூரையோரம் இரண்டு குட்டி ஃபேன், சுவரில் மூன்று பிளக் பாயிண்ட். கேரவன் என்று சொன்னால் சினிமா நடிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். அமெரிக்காவில் காருக்குப் பின்னால் ஒரு வீட்டையே கட்டி இழுத்துப் போவார்கள். அங்கே வண்டியை நிறுத்துகிற மைதானத்தில் ஆளுக்கொரு கரண்ட் கம்பம் நட்டிருப்பார்கள். வயரைச் செருகினால் வீடு ரெடி. நம் பக்கத்தில் கேரளாக்காரர்கள்தான் 2021-ல் கேரவன் சுற்றுலா என்று அரசாங்கத் திட்டமாகவே ஆரம்பித்தார்கள். விருதுநகரில் கம்பமும் கிடையாது, மைதானமும் கிடையாது. கல்யாண மண்டபமும் அதன் வாட்ச்மேனும்தான்.

இன்வெர்ட்டர் என்றால் என்ன என்று தமிழ்நாட்டுக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. 2012-ல் சென்னையைத் தாண்டினால் ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் கிடையாது. அந்த வருஷம் மாப்பிள்ளை வீட்டார், ‘என்ன போடுறீங்க?’ என்று கேட்டதுக்கு, ‘பத்துப் பவுனும் ஒரு இன்வெர்ட்டரும்’ என்று பதில் வந்தால்கூட ஆச்சரியமில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் அதே சாதனம்தான் வேனிலும். பேட்டரியில் இருக்கும் 12 வோல்ட் டி.சி. மின்சாரத்தை 230 வோல்ட் ஏ.சி. ஆக்கி பிளக் பாயிண்ட்டுக்கு அனுப்புகிறது. வித்தியாசம் ஒன்றே ஒன்று. வீட்டில், ‘எப்படியும் ரெண்டு மணி நேரத்தில் கரண்ட் வந்துடும்’ என்று ஒரு நம்பிக்கை உண்டு. நடுக்காட்டில் நிற்கும் வேனுக்கு வராது.

டிரைவர் அண்ணாச்சி புறப்படும் முன்னேயே எங்களை வரிசையாக நிறுத்திக் கேட்டார்: “யார் யாரு என்னென்ன கொண்டு வந்திருக்கீக?”

போலீஸ் செக்போஸ்ட் தோற்றது. கேஷியர் பையிலிருந்து ஒரு எலெக்ட்ரிக் கெட்டில், ஒரு அயர்ன் பாக்ஸ், ஒரு லேப்டாப் வெளியே வந்தன. கேஷியருக்கு காலையில் எழுந்ததும் வெந்நீர் வேண்டும். கோயிலுக்குச் சட்டை மடிப்பு கலையாமல் போக வேண்டும்.

“கெட்டில் எத்தனை வாட்டு?”

“ஆயிரத்து ஐநூறு.”

“சார், நம்ம இன்வெர்ட்டர் 850 வி.ஏ. அதிகபட்சம் 700 வாட் இழுக்கும். இதைச் செருகுனா ‘குய்ய்’னு கத்திட்டு படுத்துக்கும்.”

“நாலே நிமிஷம்தானேய்யா கொதிக்கும்?”

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க மொத்தத்தில் ஆகும் மின்சாரம் சுமார் 100 வாட்-மணிதான். ஒரு ஃபேன் இரண்டு மணி நேரம் குடிப்பதுதான். ஆனால் அதை நாலே நிமிஷத்தில் கேட்கிறதே, அதுதான் தகராறு. 1500 வாட்டை 12 வோல்ட்டிலிருந்து எடுக்க வேண்டுமானால், வழியில் ஆகும் சேதாரத்தையும் சேர்த்து 140 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். உங்கள் வீட்டில் அதே கெட்டில் எடுப்பது ஆறரை ஆம்பியர். வேனில் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போகும் கேபிள் சுண்டுவிரல் மொத்தத்துக்கு இருப்பதும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 100 ஆம்பியர் ஃபியூஸ் உட்கார்ந்திருப்பதும் அதனால்தான். யாராவது கடைக்காரர், ‘மெல்லிசு வயரே போதும் சார், நான் கேரன்டி’ என்றால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கெட்டிலும் அயர்ன் பாக்ஸும் மதுரையிலேயே இறங்கிவிட்டன. லேப்டாப் தப்பியது. அண்ணாச்சி வேன் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் கணக்கு எழுத ஆரம்பித்தார்.

பேட்டரி 150 ஆம்பியர்-மணி. பன்னிரண்டால் பெருக்கினால் 1800 வாட்-மணி. அதாவது, 1.8 யூனிட். வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகத் தருகிறார்களே, அதில் ஒரு நாள் பங்கை விடச் சற்றே அதிகம். அவ்வளவுதான் அந்த 50 கிலோ பூதத்துக்குள் இருக்கும் சொத்து! அதிலும் பாதிக்கு மேல் கை வைத்தால் இந்த வகை பேட்டரியின் ஆயுசு குறையும். மீதி 900. இன்வெர்ட்டர் தன் கமிஷனை எடுத்துக்கொண்டால் பிளக் பாயிண்ட்டில் கைக்கு வருவது சுமார் 750.

கதவில் அண்ணாச்சி எழுதினார்: அய்யா பக்க ஃபேன் 50 வாட், 8 மணி நேரம் - 400. லைட் - 40. செல்போன் நாலு - 60. நெபுலைசர் 150 வாட், ஒரு தடவை 12 நிமிஷம் - 30. மூணு தடவைக்கு ஒதுக்கினது - 90. ஆக 590.

“ரெண்டாவது ஃபேன்?” என்றார் கேஷியர், தன் தலைக்கு மேலே பார்த்து.

“அது 400. கணக்குல இடமில்லை. ஜன்னலைத் திறந்து வச்சுக்கோங்க.”

வருஷம் முழுக்க எங்கள் டி.ஏ. பில்லில் ஆட்டோ சார்ஜ் பதினைந்து ரூபாய்க்கு வவுச்சர் கேட்கும் மனுஷர். அவரையே ஒருத்தர் ஆடிட் பண்ணியதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

★

விருதுநகருக்கு ராத்திரி எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். எண்ணெயில் பொரித்தெடுத்த பரோட்டா. சாப்பிட்டதும் உடனே காமராஜர் பிறந்த வீட்டைப் பார்க்கலாம் என்று அய்யா சொன்னார். அந்நேரத்துக்குத் திறந்திருக்காது என்று காலைக்குத் தள்ளினோம். சின்ன வீடு. முதலமைச்சராக இருந்தபோது, அம்மாவுக்காக நகராட்சி தனியாகப் போட்டுக்கொடுத்த குடிநீர்க் குழாய் இணைப்பை அவர் பிடுங்கச் சொன்னதாக ஊரில் இன்றும் சொல்வார்கள். அய்யா கேஷியரைப் பார்த்து, “தம்பி, அவுக அம்மாவுக்கே எக்ஸ்ட்ரா கனெக்‌ஷன் கிடையாதாம். உங்களுக்கு ரெண்டாவது ஃபேன் கேக்குதோ?” என்றார். மூச்சிரைப்புக்காரர் என்றாலும் வாய்க்கு ஒன்றுமில்லை.

ராத்திரி நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு மண்டபத்து வாசலில் வண்டியை நிறுத்த வாட்ச்மேன் சம்மதித்தார். காசு வாங்கிக்கொண்டு, “பிளக் பாயிண்ட் வேணும்னாலும் எடுத்துக்கோங்க” என்றார். கேஷியர் முகம் பிரகாசமானது. மண்டபத்து ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு வயரைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பக்கமும் பின்! ஒரு முனையை மண்டபத்து பிளக்கில் செருகி, மறு முனையை வேனுக்குள் இருக்கும் பிளக் பாயிண்ட்டில் செருகிவிட்டால், உள்ளே எல்லா பாயிண்ட்டுக்கும் கரண்ட் வந்துவிடுமாம். கல்யாண வீட்டு சீரியல் செட்காரர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறாராம்.

அண்ணாச்சி பாய்ந்து வந்து வயரைப் பிடுங்கினார். அவ்வளவு பெரிய தேகம் அவ்வளவு வேகமாக நகரும் என்று எனக்குத் தெரியாது.

“சார், ஒரு முனையைச் சொருகிட்டா மறு முனையில ரெண்டு பித்தளைக் குச்சியும் உயிரோட நிக்கும். கை பட்டா ஆள் காலி. சரி, தப்பிச்சு சொருகிட்டீகன்னே வைங்க. உள்ள இன்வெர்ட்டர் ஓடிக்கிட்டு இருக்கு. அதுவும் 230 அனுப்புது, இதுவும் 230 அனுப்புது. ரெண்டு காளையை எதிரெதிரா மாட்டி ஒரே வண்டியை இழுக்கச் சொன்ன மாதிரி. இன்வெர்ட்டர் வெடிச்சுரும்.”

அவர் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. ஏ.சி. மின்சாரம் நொடிக்கு 50 தடவை ஆடுகிற ஊஞ்சல். இரண்டு ஊஞ்சலும் ஒன்றாகவே ஆட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆகவே வெளிக் கரண்ட்டும் இன்வெர்ட்டர் கரண்ட்டும் ஒரு பிளக் பாயிண்ட்டில் ஒரே நேரத்தில் சந்திக்கவே கூடாது. நடுவில் ஒரு மாற்று ஸ்விட்ச் வேண்டும். இல்லையென்றால் அந்த வேலையை இன்வெர்ட்டரே உள்ளுக்குள் ‘டக்’ என்று செய்துகொள்ள வேண்டும். எங்கள் வேனில் பின்பக்கம் மூடி போட்ட ஒரு தனி வாசல் இருக்கிறது. வெளியிலிருந்து கரண்ட் வருவது அந்த ஒரு வழியாக மட்டும். அது நேரே இன்வெர்ட்டருக்குப் போகிறது. கரண்ட் இருந்தால் அதையே பிளக் பாயிண்ட்டுக்கு விட்டுவிட்டு, பேட்டரியையும் சார்ஜ் செய்கிறது. போனால் பேட்டரிக்குத் தாவுகிறது. வீட்டில் இருப்பதேதான். கேஷியர் கொண்டுவந்த வயரை அண்ணாச்சி வாட்ச்மேன் கண்ணெதிரே நடுவில் வெட்டி ஒரு பின்னைக் கழற்றிவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தார். அன்று ராத்திரி இரண்டு ஃபேனும் ஓடின. காலையில் பேட்டரி ஃபுல்.

★

விருதுநகரிலிருந்து திருத்தங்கல் வழியாக சிவகாசி சுமார் 25 கிலோமீட்டர். மலைமேல் நிற்கும் நாராயணப் பெருமாளுக்குக் கீழே நின்றே ஒரு கும்பிடு. ஊரை நெருங்க நெருங்க, பொட்டல் காட்டில் வேலி. வேலிக்குள் எட்ட எட்ட சின்னச் சின்ன அறைகள். நிலம் மலிவு என்று இடைவெளி விட்டிருக்கிறார்கள் என நினைக்க வேண்டாம். ஒன்று போனால் அடுத்ததும் போகக் கூடாது என்பதற்காக.

அப்படி ஒரு தொழிற்சாலையில் ஹெட்கிளார்க்கின் உறவுக்காரர் ஃபோர்மேன். கேட் ஆபீஸில் அய்யாவைப் பார்த்துப் பேச வரச் சொல்லியிருந்தார். வண்டி கேட்டுக்கு வருவதற்குள் அவரே எதிரே ஓடி வந்துவிட்டார். வாங்க என்று கூடக் கேட்கவில்லை.

“வண்டியில எத்தனை பேட்டரி?”

“இஞ்சினுக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு.”

“இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணுங்க. பண்ணிட்டு, அந்தா தெரியுதுல்ல வேப்ப மரம், அதுக்கு அந்தாண்ட நிறுத்திட்டு நடந்து வாங்க. செல்லு, சிகரெட்டு, லைட்டர் எல்லாம் வண்டியிலயே இருக்கட்டும்.”

நடந்து போனோம். கேட் ஆபீஸைத் தாண்டி உள்ளே விடவில்லை, விடவும் கூடாது. நிழலில் உட்கார்த்தி வைத்து மோர் கொடுத்தார். உள்ளே வேலை நடக்கும் அறைகளில் ஒரு பல்ப் கூடக் கிடையாது என்றார். ஃபேனும் கிடையாது, பிளக் பாயிண்ட்டும் கிடையாது. வெளிச்சம் என்றால் சூரியன், காற்று என்றால் திறந்த கதவு. மருந்துக் கலவை, வெயில் ஏறுவதற்கு முன் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஒரு அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று கணக்கு. பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும். நைலான் சேலை உரசினாலே பொறி வரும். அறைக்குள் நுழையும் முன் பூமியோடு இணைத்த தகட்டைத் தொட்டுவிட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் கால் வைக்க வேண்டும். இடி மின்னல் என்றால் எல்லோரும் வெளியே.

“நீங்க வண்டிக்குள்ள கரண்ட்டைக் கொண்டாந்திருக்கீக. நாங்க மேல ஒட்டியிருக்கிற கரண்ட்டைக்கூட வாசல்ல உதறிட்டுப் போறோம்” என்றார்.

இன்வெர்ட்டருக்கு அவர் ஏன் பயந்தார் என்று திரும்பி நடக்கும்போது அண்ணாச்சி விளக்கினார். பேட்டரி முனையில் கேபிளை மாட்டும்போது ‘சட்’ என்று ஒரு பொறி பறக்கும், பார்த்திருப்பீர்கள். மாற்று ஸ்விட்ச் உள்ளே தாவும்போதும் ஒரு குட்டிப் பொறி. போதாததற்கு, சார்ஜ் ஏறும்போது இந்த வகை பேட்டரி ஹைட்ரஜன் விடும். அதனால்தான் அதை மூடிய பெட்டிக்குள் வைத்துவிட்டு மேலே படுக்கக் கூடாது, வெளியே காற்றுப் போக வழி வேண்டும். நமக்கு அது ஒரு ‘சட்’. அங்கே, காற்றில் அலுமினியப் பொடி பறக்கும் இடத்தில், அதே ‘சட்’ பத்திரிகையில் முதல் பக்கம். 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரியில் சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். அங்கே எல்லாம் காரணம் கரண்ட் அல்ல; உராய்வு, அளவுக்கு மீறிய மருந்து, அளவுக்கு மீறிய ஆட்கள் என்று பல. ஃபோர்மேன் அந்த ஊர்ப் பெயர்களைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். கேஷியர் மோரை முழுசாகக் குடிக்கவில்லை.

★

ஆனால் அந்தப் பயம் மதியம் வரைதான் தாங்கியது.

சிவகாசி டவுனில், அய்யாவைச் சொந்தக்காரர் வீட்டில் படுக்க வைத்துவிட்டு, நாங்கள் அச்சகத் தெருவுக்குக் காலண்டர் பார்க்கப் போனோம். பட்டாசு அறையில் பல்ப் கிடையாது; அரை மைல் தள்ளி ஆஃப்செட் மெஷின்கள் கரண்ட்டைக் கரும்புச்சாறாகக் குடித்துக்கொண்டிருக்கின்றன. இதுவும் சிவகாசிதான். தலைவலி என்று கேஷியர் மட்டும் வேனிலேயே தங்கிவிட்டார்.

நாலு மணி நேரம் கழித்துத் திரும்பினால், இரண்டு ஃபேனும் பறக்கின்றன. லேப்டாப்பில் படம். கேஷியர் முகத்தில் மண்டபத்து மாப்பிள்ளைக் களை.

அண்ணாச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. சாக்பீஸை எடுத்தார். ஃபேன் இரண்டு, நூறு; லேப்டாப் அறுபது. நாலு மணி நேரத்துக்கு 640. கைவசம் இருந்தது 750. மீதி, 110.

“ஓட்டிக்கிட்டுப் போனா ஏறாதா?” என்றேன் நான். ஏறும். இஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டாவது பேட்டரிக்கும் ஒரு பங்கு போகிறது. இஞ்சின் நின்றதும் இரண்டையும் பிரித்துவிட ஒரு ரிலே இருக்கிறது. இல்லாவிட்டால் ராத்திரி ஃபேன் ஓட்டியவன் காலையில் வண்டியைத் தள்ள வேண்டியதுதான். ஆனால் இந்தப் பகுதியில் ஒரு சங்கடம்: ஊருக்கு ஊர் பக்கம். பேட்டரி சூடு பிடிப்பதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும். மெட்ராஸுக்குப் போவதென்றால் வழியெல்லாம் சார்ஜ். சிவகாசியிலிருந்து சாத்தூர் வழியாக இருக்கன்குடி போனால், முக்கால் மணி நேரத்தில் 25 ஆம்பியர்-மணி ஏறினாலே அதிகம். பிளக் பாயிண்ட் கணக்கில் 255. மேலே ஒரு 200 வாட் சோலார் பலகை இருந்தால், அந்த வெயிலுக்கு ஒரு பகலில் 800 கூடச் சம்பாதித்துவிடும். பக்கத்து மாவட்டத்தில் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட்டுக்குச் சோலார் காடே போட்டிருக்கிறார்கள். எங்கள் வேன் கூரையில் ஸ்டெப்னி டயர்தான் இருந்தது.

ஆக, ராத்திரிக்கு இருந்தது 365.

★

இருக்கன்குடியில் அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகின்றன. தண்ணீர் இருந்தால் சேரும். இல்லாத நாளில் மணலும் மணலும் சேரும். குடும்பம் குடும்பமாக வேனிலும் டிராக்டரிலும் வந்து, சமைத்துச் சாப்பிட்டு, ராத்தங்கி, முடியிறக்கி, விடிந்ததும் போகிற ஜனம். அன்று எங்களுக்கு நிழலும் இடமும் கிடைத்தன; பிளக் பாயிண்ட் கிடைக்கவில்லை.

அண்ணாச்சி முதலில் 90-ஐத் தனியாக வட்டம் போட்டு வைத்தார். அதை யாரும் தொடக் கூடாது. லைட்டுக்கு 40. செல்போன் சார்ஜ் எவருக்கும் கிடையாது. மிச்சம் 235, அய்யா ஃபேன் மட்டும் நாலரை மணி நேரம். பதினொரு மணிக்கு அய்யா தூங்கிய பிறகு ஃபேன். மூன்றரைக்கு நிறுத்தம். அதற்குள் ஆற்றுக் காற்று வந்துவிடும் என்று அண்ணாச்சி கணக்கு.

கேஷியர் வெளியே மணலில் துண்டை விரித்தார். யாரும் சொல்லவில்லை.

ராத்திரி இரண்டே கால். அய்யாவுக்கு இழுக்க ஆரம்பித்தது. சுற்றிலும் எரிந்த அடுப்புப் புகைதான் காரணமாக இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து இரண்டு கையையும் தொடையில் ஊன்றிக்கொண்டார், பேச்சு வரவில்லை. ஹெட்கிளார்க் கை நடுங்க மருந்தை ஊற்றினார். அண்ணாச்சி முதலில் ஃபேனை நிறுத்தினார். பிறகு மெஷினைச் செருகினார். நெபுலைசருக்குள் இருப்பதும் ஒரு மோட்டார். அது புறப்படும்போது ஒரு கணம் கூடுதலாக இழுக்கும். இன்வெர்ட்டர் ‘ம்ம்’ என்றது. எல்லோரும் அந்தச் சிவப்பு லைட்டையே பார்த்தோம். எரியவில்லை. மெஷின் சீராக ஓட ஆரம்பித்தது. பழைய சதுர அலை இன்வெர்ட்டராக இருந்திருந்தால் மோட்டார் உறுமிச் சூடாகியிருக்கும். சைன் வேவ் வாங்கியதற்கு அதிகம் கொடுத்த காசு அந்தப் பன்னிரண்டு நிமிஷத்தில் வசூலானது.

மூன்றாம் நிமிஷத்தில் தோள் இறங்கியது. பத்தாவது நிமிஷத்தில் முகமூடியை விலக்கி, “கேஷியர் தம்பி எங்க?” என்றார்.

“வெளிய மணல்ல, அய்யா.”

“பூச்சி பொட்டு இருக்கும். உள்ள வரச் சொல்லு.”

காலையில் மொட்டை போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தரிசனம் முடித்தார். பேட்டரி மீட்டரில் 12.2. பாதிக் கோட்டில் நிற்கிறது. சாத்தூரில் சேவு வாங்க வண்டி நின்றபோது, கேஷியர் கதவுப் பக்கம் போய் சாக்பீஸ் கணக்கை மேலிருந்து கீழ்வரை கூட்டிப் பார்த்தார். கடைசி வரியில் ‘நெபு - 30, பாக்கி 60’ என்று இருந்தது. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், கதவில் எழுதாது என்று தெரிந்து சாக்பீஸை வாங்கி, அதன் அடியில் தன் இனிஷியலைப் போட்டார்.